எட்டாயிரத்து ஐந்நூறு கைகள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் என்று ஒரு நகரம். அங்கே வாட்ஸ்வொர்த் அதீனியம் என்ற அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எகிப்திய மம்மி இருந்தது. பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியில் விரல் பதிப்பார்கள். குழந்தைகள் மூக்கை அழுத்துவார்கள். அதைத் துடைத்து வைப்பது அங்கே வேலை பார்த்த துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் பொறுப்பு. அவருடைய அன்றாட வேலைகளில் அதுவும் ஒன்று.

1973 ஜூலையில் அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு சின்னச் சடங்கு நடந்தது. முதலில் அந்தத் தொழிலாளி வழக்கம்போலத் துடைத்தார். பிறகு ஒரு பெண் வந்து, அவர் துடைத்த அதே விதத்தில் மறுபடி துடைத்தார். முடித்ததும், தான் செய்தது கலை என்று அறிவித்து, அதற்கென்றே செய்துவைத்திருந்த ரப்பர் முத்திரையைக் குத்தினார். அவ்வளவுதான், நிலைமை தலைகீழாகிவிட்டது. துடைத்த கண்ணாடி இப்போது ஒரு கலைப்படைப்பு. கலைப்படைப்பைச் சுத்தம் செய்யும் உரிமை அருங்காட்சியகத்தில் கலைப்பொருள் பேணும் நிபுணருக்கு மட்டுமே உண்டு. ஆகவே நிபுணர் வந்தார், பரிசோதித்தார், மூன்றாவது முறையாகத் துடைத்தார். நேற்றுவரை துடைத்தவர் இனி அதைத் தொடக் கூடாது.

ஒன்று வேலை, இன்னொன்று கலை, மூன்றாவது நிபுணத்துவம். கை அசைந்த விதம் மட்டும் மூன்றிலும் ஒன்றே. சிரிப்பதா, வாயடைத்து நிற்பதா என்று பார்ப்பவருக்குப் புரியாத இந்த நாடகத்தை நடத்தியவர் மியர்ல் லேடர்மன் யூகெலீஸ். நிகழ்த்துகலை, நிறுவல் கலை என்று பேசும்போது அமெரிக்காவில் பல பெயர்கள் முதலில் வந்து விழும். தன் கையில் துப்பாக்கியால் சுடச்சொன்ன கிறிஸ் பர்டன் அவர்களில் ஒருவர். அந்தத் தலைமுறையில் உடலைப் பணயம் வைத்தவர்களுக்குப் புகழ் உடனே வந்தது. தரையைத் துடைத்தவருக்கு மெதுவாகத்தான் வந்தது. யூகெலீஸின் படைப்புகளுக்கென்று முழுமையான பின்னோக்குக் கண்காட்சி குவீன்ஸ் அருங்காட்சியகத்தில் நடந்தது 2016இல். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

அவர் பிறந்தது 1939இல், கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில். தந்தை யூத மதகுரு. தூய்மை, தீட்டு, நீராடல் பற்றிய பேச்சு வீட்டிலேயே இருந்தது. பின்னாளில் யூதர்களின் சடங்குக் குளமான மிக்வாவை வைத்தே அவர் ஒரு நிகழ்த்துகலைப் படைப்பு செய்திருக்கிறார். நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் படித்தது வரலாறும் பன்னாட்டு உறவுகளும். பிறகுதான் ஓவியம், சிற்பம் என்று பிராட் கலைப்பள்ளிக்குப் போனார். அங்கே அவர் செய்தவை கந்தல்களைத் திணித்து இறுகக் கட்டிய, பிதுங்கி நிற்கும் உருவங்கள். அவற்றில் ஆபாசம் இருப்பதாகச் சர்ச்சை எழுந்தது. அவரே பள்ளியை விட்டு வெளியேறினார். கந்தல் துணி மட்டும் அவர் கையை விட்டுப் போகவில்லை. பத்தாண்டுகள் கழித்து ஹார்ட்ஃபோர்டில் அருங்காட்சியகப் படிக்கட்டுகளை அவர் துடைத்தது குழந்தைக்குக் கட்டும் துணியால்தான்.

இடையில் நடந்தது ஒரு பிரசவம்.

அவர் கர்ப்பமாக இருந்தபோது சிற்பம் கற்றுக்கொடுத்த ஆசிரியர் ஒருவர், இனி உன்னால் கலைஞராக இருக்க முடியாது என்ற பொருளில் ஏதோ சொல்லிவைத்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அது ஊரறிந்த உண்மைபோல இருந்தது. 1968இல் முதல் குழந்தை பிறந்தது. அப்புறம் நாள் இரண்டு துண்டாயிற்று: பாதி நாள் அம்மா, பாதி நாள் கலைஞர். யூகெலீஸ் தன் முன்னோர்களாக நினைத்து வணங்கியவர்கள் ஜாக்சன் பொல்லாக், மார்செல் துஷாம்ப், மார்க் ராத்கோ. அந்த மூவரும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார்கள். குழந்தையின் ஈரத்துணியை எப்போது மாற்றுவது என்பதைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

1969 அக்டோபரில், ஃபிலடெல்ஃபியாவில், கோபத்தோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் நான்கு பக்கம் தட்டச்சு செய்தார். 'பராமரிப்புக் கலைக்கான அறிக்கை' என்று தலைப்பு. நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோமே, அதே சொல்தான். அறிக்கையின் வாதம் நேரானது. உலகத்தில் இரண்டு விதமான காரியம் நடக்கிறது. ஒன்று, புதியதை உண்டாக்குவது. அதற்குப் பெயர் உண்டு, பரிசு உண்டு, அருங்காட்சியகத்தில் இடம் உண்டு. மற்றொன்று, உண்டானதை நாளை வரைக்கும் காப்பாற்றுவது. துடைப்பது, துவைப்பது, தைப்பது, சமைப்பது, குப்பையைக் கொட்டுவது. இரண்டாவது இல்லாமல் முதலாவது ஒரு வாரம் தாங்காது. இருந்தும் அதற்குக் கூலி குறைவு. வீட்டில் செய்தால் கூலியே கிடையாது. புரட்சிக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. புரட்சி முடிந்த பிறகு திங்கட்கிழமை காலை குப்பையை அள்ளப்போவது யார் என்று கேட்டார். 1969இல் கேட்கவேண்டிய கேள்விதான்.

அறிக்கையின் இரண்டாம் பாதி ஒரு கண்காட்சிக்கான திட்டம். அதன்படி அவர் கணவனோடும் குழந்தையோடும் அருங்காட்சியகத்துக்குள்ளேயே குடியேறுவார். பெருக்குவார், சமைப்பார், விளக்கு மாற்றுவார், விருந்தினரை உபசரிப்பார். அதுவே கலை. இன்னோர் அறையில் பல தொழில்காரர்களிடம், பராமரிப்பு வேலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு வாங்கிய பதில்கள் இருக்கும். மூன்றாவது பகுதியில் தினமும் ஒரு லாரிக் குப்பை, கெட்டுப்போன காற்று, ஹட்சன் ஆற்றின் அழுக்கு நீர், நாசமான மண் எல்லாம் வந்து இறங்கும்; அங்கேயே அவை சுத்தமாக்கப்படும். வீடு, சமூகம், பூமி என்று வட்டம் வட்டமாக விரிகிறது அந்தத் திட்டம். அவருடைய அடுத்த ஐம்பது ஆண்டு வேலையும் இந்த நான்கு பக்கத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. விட்னி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். ஏற்கவில்லை. 1971 ஜனவரியில் விமர்சகர் ஜாக் பர்னம் 'ஆர்ட்ஃபோரம்' இதழில் அந்த அறிக்கையின் பகுதிகளை எடுத்துப் போட்டார். பிறகு லூசி லிப்பார்டு, பெண் கலைஞர்களின் கருத்தியல் கலையை மட்டும் திரட்டி ஊர் ஊராகக் கொண்டுபோன கண்காட்சியில் யூகெலீஸுக்கு இடம் கொடுத்தார். அது ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தபோது நடந்ததுதான் மம்மியின் கதை.

அதே ஊரில் வேறு சிலவும் நடந்தன. ஒருநாள் அருங்காட்சியகத்தின் வெளிப்படிக்கட்டுகளை மணிக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார், மண்டியிட்டுத் துடைத்தார். உள்ளே கூடத்தின் தரையையும் அப்படியே. பார்வையாளர்கள் நடந்து அழுக்காக்க, அவர் பின்னாலேயே போய்த் துடைத்தார். அந்தப் புகைப்படங்களில் பளிங்குச் சிற்பம் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, கீழே ஒரு பெண் குனிந்து கிடக்கிறார். இன்னொரு நாள் காவலரிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, அலுவலகங்களையும் கூடங்களையும் பூட்டித் திறந்துகொண்டே போனார். சாவி வைத்திருக்கிறவர் யாரென்று அதுவரை கவனிக்காத அதிகாரிகளுக்கு, பூட்டப்படும் கதவுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்ற கவலை வந்துவிட்டது. நான்கு நிகழ்வுகளில் மிகவும் வேடிக்கையானது இது. மம்மி அளவுக்குக் கூர்மையானது என்று சொல்ல முடியாது.

அதே ஆண்டில் செய்த இன்னொரு படைப்பு சத்தமில்லாதது. குளிர்காலத்தில் சின்னக் குழந்தைகளை வெளியே கூட்டிப்போக வேண்டும். மேலாடை, தொப்பி, கையுறை, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக மாட்டவேண்டும். திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். அந்த மாட்டலையும் கழற்றலையும் 95 கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களாக அடுக்கி ஒட்டி, பக்கத்தில் சங்கிலியில் ஒரு தூசித்துணியைத் தொங்கவிட்டார். படத்தில் தூசி படிந்தால் அருங்காட்சியகக்காரர்களே துடைத்துக்கொள்ளலாம்.

1976இல் விட்னி அருங்காட்சியகத்தின் கிளை ஒன்று தெற்கு மன்ஹாட்டனில் 55 வாட்டர் ஸ்ட்ரீட் என்ற பிரமாண்டமான அலுவலகக் கட்டடத்துக்குள் இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் மறுத்த அதே நிறுவனம். அந்தக் கட்டடத்தைப் பகலும் இரவும் பராமரிப்பவர்கள் 300 பேர். அவர்களுக்கு யூகெலீஸ் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: தினமும் உங்கள் வேலையில் ஏதாவது ஒரு மணி நேரத்தைக் கலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேலையை மாற்ற வேண்டாம், வேகத்தைக் கூட்ட வேண்டாம், நினைத்தால் போதும். பல வாரங்கள் அந்தக் கட்டடத்தின் எல்லா ஷிஃப்டுகளிலும் போலராய்டு கேமராவோடு அலைந்தார். படம் எடுத்ததும் அந்தத் தொழிலாளியிடமே கேட்பார்: இப்போது நீங்கள் செய்துகொண்டிருந்தது வேலையா, கலையா? சொன்ன பதில் படத்தின் கீழே ஏறும். இப்படிச் சேர்ந்த 720 படங்கள் சுவரை நிறைத்தன. லிஃப்ட் இயக்குகிறவர், ஜன்னல் துடைக்கிறவர், காவலுக்கு நிற்கிறவர். ஒரே மாதிரி வேலையை ஒருவர் கலை என்கிறார், அடுத்தவர் வேலை என்கிறார். முத்திரை குத்தும் அதிகாரம் மூன்றே ஆண்டில் கலைஞரின் கையிலிருந்து தொழிலாளியின் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. ஹார்ட்ஃபோர்டையும் வாட்டர் ஸ்ட்ரீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இந்த நகர்வு தெரியும்.

'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் டேவிட் போர்டன் இதைப் பற்றி எழுதினார். போகிற போக்கில் ஒரு கிண்டலும் செய்தார். நகரத்தின் துப்புரவுத் துறையும் தன் வேலையை நிகழ்த்துகலை என்று சொல்லிக்கொண்டால், கலைக்கான அரசு நிதியத்திடம் கை நீட்டலாமே என்றார். நியூயார்க் அப்போது திவாலின் விளிம்பில் நின்றது. 1975இல் ஆயிரக்கணக்கான நகரத் தொழிலாளர்களுக்கு வேலை போனது. துப்புரவுத் தொழிலாளர்களும் அதில் உண்டு. குப்பை தெருவில் குவிந்தது. அந்த நேரத்தில் அந்தக் கிண்டல் உறைத்திருக்கவேண்டும். யூகெலீஸ் அதைக் கத்தரித்து, கடிதத்தோடு துறையின் ஆணையர் ஆன்டனி வக்கரெல்லோவுக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பத்தாயிரம் பேரோடு சேர்ந்து கலை செய்ய விருப்பமா என்று கேட்டார்கள். உடனே வருகிறேன் என்றார் இவர்.

1977 முதல் அவர் நியூயார்க் துப்புரவுத் துறையின் உறைவிடக் கலைஞர். பதவி உண்டு, பின்னாளில் அலுவலக அறையும் உண்டு, சம்பளம் கிடையாது. கூலியில்லாத வேலையைப் பற்றி அறிக்கை எழுதியவர், கூலியில்லாத பதவியில் பல பத்தாண்டுகள் இருந்திருக்கிறார். இதை அவருடைய விசிறிகள் தியாகம் என்பார்கள். நகராட்சிக்கு மிகவும் மலிவாகக் கிடைத்த கலைஞர் என்றும் சொல்லலாம். வெளியே இருந்து வாங்கிய மானியத்திலும் நன்கொடையிலும்தான் அவருடைய படைப்புகள் நடந்தன.

முதல் ஒன்றரை ஆண்டு பெரும்பாலும் கற்றுக்கொள்வதிலேயே போயிற்று. எந்த லாரி எங்கே புறப்படுகிறது, எந்தப் படகு எங்கே போகிறது, யார் எப்போது கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்தார். பிறகு 1979 ஜூலை 24ஆம் தேதி 'டச் சானிடேஷன்' தொடங்கியது. நியூயார்க்கின் 59 வட்டாரங்களுக்கும் போய், துறையில் வேலை செய்யும் 8,500 பேரையும் நேரில் பார்த்து, ஒவ்வொருவரிடமும் கை குலுக்கி, இந்த நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று சொல்வது. இதுதான் படைப்பு. 1980 ஜூன் 26 வரை, ஏறக்குறைய பதினொரு மாதம் பிடித்தது.

கேட்க எளிதாக இருக்கிறது. வரைபடத்தை விரித்து, நகரத்தைப் பத்துச் சுற்றுகளாகப் பிரித்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் எங்கே வருகிறார் என்று துறையின் டெலக்ஸ் வழியே எல்லா கராஜுகளுக்கும் செய்தி போகும். அதிகாலை ஆறு மணிக்கு ஆள் எண்ணிக்கை எடுக்கும்போதே அவர் அங்கே நிற்பார். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்டும் முடியும் வரை கூடவே இருப்பார். லாரிக்குப் பின்னால் நடந்து, அவர்கள் குனிவதுபோலக் குனிந்து, பையைத் தூக்கி வீசுவதுபோலக் கையை வீசி, அந்த அசைவுகளைத் திரும்பச் செய்து காட்டினார். நடனக் கலைஞர் ஒருவர் ஆசானின் அடவைப் பின்பற்றுவது மாதிரி. அப்போது குப்பை லாரி வேலையில் பெண்களே கிடையாது. நியூயார்க் முதன்முதலாகப் பெண்களை அந்த வேலைக்கு எடுத்தது 1986இல்தான். அவர்களை ஊரே 'சான்மேன்' என்று கூப்பிடும், அதிலேயே ஆண் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே குழந்தைகளின் தாய் ஒருவர் தினமும் வந்து கை நீட்டினார்.

ஒரு தொழிலாளி அவரிடம் சொன்னதை அவர் பிற்காலத்தில் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எங்களை ஏன் எல்லாருக்கும் பிடிப்பதில்லை தெரியுமா, எங்களைத் தங்கள் அம்மா என்றோ வேலைக்காரி என்றோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் என்றார் அவர். வாட்டசாட்டமான ஆண், சீருடை, தொழிற்சங்கம் எல்லாம் உள்ளவர்; தன் அவமானத்துக்கு அவர் கண்டுபிடித்த விளக்கம், என்னைப் பெண்போல நடத்துகிறார்கள் என்பது. யூகெலீஸுக்கு இது இரண்டு பக்கமும் வெட்டியது. தான் 1969இல் கோபத்தோடு எழுதியதை, எந்தப் பெண்ணியப் புத்தகமும் படிக்காத ஒருவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆனால் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: அம்மாவையும் வேலைக்காரியையும் அப்படி நடத்தினால் பரவாயில்லையா? வீட்டுவேலையிலிருந்து நகரத்தின் குப்பைக்கு அவர் தாவியது தற்செயல் என்று நினைப்பவர்கள் இந்த உரையாடலைப் படித்தால் போதும்.

இன்னொருவர் சொன்ன கதை புரூக்ளினில் நடந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன், கொளுத்தும் வெயிலில், அவரும் கூட்டாளிகளும் ஒரு வீட்டுப் படியில் சற்று நேரம் உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரப் பெண்மணி வந்து, நாறுகிற குப்பைக்காரர்களே, எழுந்து போங்கள், என் படியை நாறடிக்காதீர்கள் என்று விரட்டினார். அது பதினேழு ஆண்டாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது, இன்றைக்கு நீங்கள் அதைத் துடைத்துவிட்டீர்கள் என்றார் அந்தத் தொழிலாளி. குப்பைக்காரர் என்ற சொல்லைத் தமிழில் நாமும் அப்படித்தான் பயன்படுத்துகிறோம். பால்காரர் பாலைக் கொடுக்கிறவர். பூக்காரர் பூவைக் கொடுக்கிறவர். குப்பையைக் கொடுப்பது நாம், பெயர் மட்டும் எடுத்துப்போகிறவருக்கு.

அந்தப் படியை யூகெலீஸ் மறக்கவில்லை. 1984இல் மன்ஹாட்டனின் மெர்சர் தெருவில் ரொனால்டு ஃபெல்ட்மன் காலரிக்கு முன்னால், புரூக்ளின் வீட்டு முகப்பை அப்படியே எழுப்பினார். தொழிலாளர்கள் வாழ்நாளெல்லாம் கேட்ட வசைச் சொற்களை அவர்களிடமே கேட்டு வாங்கி, கண்ணாடிகளில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார். சமூகத்தின் பல மட்டங்களிலிருந்தும் வரவழைத்த விருந்தினர் ஒவ்வொருவரும் வந்து அந்தச் சொற்களைத் துடைத்துக் கழுவினார்கள். காலரிக்குள் இரண்டு அறைகள். ஒன்றில் துப்புரவுத் தொழிலாளர்கள் உடை மாற்றி ஓய்வெடுக்கும் பழைய அறை; அதிலிருந்த நாற்காலி, மேசை எல்லாம் அவர்களே குப்பையிலிருந்து பொறுக்கி வைத்துக்கொண்டவை. இன்னொன்றில், புதிய சாமான்களோடு அந்த அறை எப்படி இருக்கவேண்டுமோ அப்படி. நன்றி சொன்னால் வயிறு நிறையுமா என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு அறைகள் ஓரளவு பதில். ஓரளவுதான். கூலி, ஓய்வூதியம், வேலைநேரம் எல்லாம் சங்கம் பேசித் தீர்க்கும் விஷயங்கள். 1968இல் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்து நகரத்தையே மூக்கைப் பிடிக்கவைத்த சங்கம் அது. யூகெலீஸின் கைகுலுக்கல் அந்த மேசைக்குப் பதிலாக வரவில்லை; அந்த மேசையில் பேச முடியாத ஒன்றைப் பேசியது.

எந்தக் கூட்டம் முடிந்தாலும் நாற்காலிகளை யாரோ அடுக்கிவைப்பார்கள், தேநீர்க் கோப்பைகளை யாரோ பொறுக்குவார்கள். அவர்கள் பெயர் அழைப்பிதழில் இல்லை. யூகெலீஸின் படைப்புகளைப் பற்றிப் படித்த பிறகு இதைக் கவனிக்காமல் இருப்பது கொஞ்சம் கடினம்.

எல்லாமே இவ்வளவு கனமானவை என்றும் இல்லை. அவரிடம் நல்ல குறும்பும் உண்டு. 1983இல் துறையின் குப்பை லாரி ஒன்றைச் சுற்றிலும் கண்ணாடி பதித்து ஊர்வலத்தில் ஓடவிட்டார். 'சமூகக் கண்ணாடி' என்று பெயர். தெருவோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் லாரியில் தங்கள் முகத்தையே பார்த்தார்கள். அதே விழாவில் தெருக்கூட்டும் வாகனங்கள் ஆறு, ஒரு பாலே நடனம் ஆடின. ஓட்டியவர்கள் துறையின் ஓட்டுநர்கள். அசைவுகளை அவர்களோடு பேசித்தான் அமைத்தார். இந்த வாகன நடனம் பிறகு ஊர் ஊராகப் போயிற்று. ராட்டர்டாமில் குப்பை லாரிகள் ஆடின. ஜப்பானில் டோகமாச்சி என்ற, பனி ஆளுயரம் கொட்டும் ஊரில், பனி அள்ளும் வாகனங்கள் கோடைக்காலத்தில் ரோமியோ ஜூலியட் ஆடின. பனிக்காலம் முடிந்ததும் யாரும் கண்டுகொள்ளாத அந்த ஓட்டுநர்களுக்குக் கோடையில் ஊரே கைதட்டியது. சின்னப் பையன்கள் ஜேசிபி வண்டியை வாய் பிளந்து பார்ப்பார்களே, அந்த வியப்பை அவர் வெட்கமில்லாமல் பயன்படுத்திக்கொண்டார்.

1988இல் செய்த வரவேற்பு வளைவு வேறு ரகம். நகரத்தின் பல துறைத் தொழிலாளர்கள் போட்டுக் கிழித்த கையுறைகளை வாங்கி, தோரணம்போல வளைவின் மேலே அடர்த்தியாகக் கட்டினார். கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான விரல்கள்.

அவருடைய பெரிய கனவு ஒன்று முடிவடையாமலே போயிற்று. மன்ஹாட்டனின் 59ஆம் தெருவில், ஹட்சன் ஆற்றங்கரையில், லாரிகள் குப்பையைப் படகில் கொட்டும் நிலையம் இருந்தது. அதற்குள் பொதுமக்கள் நடந்துபோய்ப் பார்க்கும்படி 'ஃப்ளோ சிட்டி' என்று ஒரு நிறுவலைத் திட்டமிட்டார். மறுசுழற்சிப் பொருட்களால் ஆன நீண்ட சரிவுப் பாதை. அதன் முடிவில் கண்ணாடிப் பாலம். கீழே லாரி வந்து நிற்கும், பின்பக்கம் தூக்கும், நகரத்தின் நேற்றைய தினம் படகில் விழும். அப்புறம் ஆற்றையும் குப்பைக் கிடங்கையும் நேரடியாகக் காட்டும் திரைகள். நாம் தூக்கி எறிவது எங்கேயோ 'வெளியே' போய்விடுகிறது என்ற நம்பிக்கைதான் குப்பை பற்றிய முதல் பொய். அந்தப் பாலத்தில் நின்றால் 'வெளியே' என்பது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பல ஆண்டுகள் உழைத்தும் பணமும் நகர நிர்வாகமும் ஒத்துவரவில்லை.

படகுகள் போய்ச் சேர்ந்த இடம் ஸ்டேட்டன் தீவின் ஃப்ரெஷ் கில்ஸ். 'கில்' என்றால் டச்சு மொழியில் ஓடை. 1948இல், சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லித் திறந்த கிடங்கு அது. அரை நூற்றாண்டு ஓடியது. 2,200 ஏக்கர் சதுப்பு நிலத்தில் குப்பை மலைகளாக எழுந்தது. 1980களின் நடுவில் நாளொன்றுக்கு 29,000 டன் வரை வந்து இறங்கியது. 1989இல் யூகெலீஸை அந்த இடத்தின் கலைஞராக நகரம் நியமித்தது. கிடங்கு 2001 மார்ச்சில் மூடப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபோது, இடிபாடுகளைக் கொட்டிப் பிரித்துத் தேட வேறு இடமில்லாமல் அதையே மறுபடி திறந்தார்கள். குப்பை கொட்டிய இடத்தில் மனிதர்களைத் தேட வேண்டியிருந்தது. வேண்டாதது என்று தூக்கிப் போட்டதும், எதைக் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காததும் ஒரே மண்ணில் கலந்த இடம் அது. யூகெலீஸ் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதினார், பேசினார். அங்கே இப்போது நியூயார்க்கின் மிகப் பெரிய பூங்காக்களில் ஒன்று துண்டு துண்டாக உருவாகி வருகிறது. அவருடைய பங்காக, மலைகளையும் ஓடைகளையும் பார்க்கும் காட்சி மேடையும் மண்ணமைப்புகளும் 'லேண்டிங்' என்ற பெயரில் திட்டமிடப்பட்டன. ஒரு கலைஞர் ஐம்பது வயதில் ஏற்ற பணி, எண்பது வயதிலும் அவரோடு நடந்துகொண்டிருந்தது. பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறவருக்கு இந்த வேகம் பழகித்தான் இருந்திருக்கும்.

2020இல் கொரோனா வந்தது. உலகமெல்லாம் அத்தியாவசியத் தொழிலாளர் என்ற சொல்லைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசியது. அந்தச் செப்டம்பரில் டைம்ஸ் சதுக்கத்தின் மின்திரைகளிலும், குவீன்ஸ் அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரிலும், சுரங்க ரயில் நிலையத் திரைகளிலும் யூகெலீஸின் கையெழுத்தில் ஒரு செய்தி ஒளிர்ந்தது. சேவைத் தொழிலாளர்களை விளித்து, 1979-80இல் 8,500 பேரிடம் சொன்ன அதே நன்றி. இந்த முறை கை குலுக்க முடியாது. யாரும் யாரையும் தொடக் கூடாத காலம். நியூயார்க் சுரங்க ரயில், இரவிலும் நிற்காத ரயில் என்று பேர் வாங்கியது. அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து இரவு ஒரு மணிக்குப் பயணிகளை எல்லாம் வெளியேற்றிவிட்டார்கள். அந்த நேரத்தில் நிலையங்களில் மருந்து தெளித்து, கைப்பிடிகளையும் இருக்கைகளையும் துடைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் அந்தச் செய்திக்கு உரியவர்கள்.